தைல டப்பாவுக்குள் ஒரு சுவிட்ச்

ஷெய்பானிக்குப் பாட்டு வராது. தாளமும் வராது. கல்யாணக் கூடாரத்தில் ஊரே கை தட்டும்போது அவர் ஒருவர் மட்டும் தப்புத் தப்பாகத் தட்டுவார். பக்கத்தில் இருப்பவர்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் எங்கள் பாலைவன நாட்டுத் தலைநகரான நுவாக்சோத்தில் கிதார் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் கிதாரை நம்பிக் கொடுக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

என் கடை அவர் கடைக்கு நேர் எதிரே. என் பேர் தூத்து. பெண்கள் உடம்பைச் சுற்றிக் கட்டும் மெல்ஃபாத் துணி விற்கிறேன். சந்தையில் எனக்கு வாயாடி என்று பெயர். இருக்கட்டும், வாய் இல்லாவிட்டால் இந்த ஆட்கள் என் துணியை என்னிடமே பாதி விலைக்குக் கேட்பார்கள். எனக்கு இரண்டு கல்யாணம், இரண்டு தலாக். எங்கள் ஊர் வழக்கப்படி இரண்டு தலாக்குக்கும் என் வீட்டார் கூடாரம் போட்டு, ஒட்டகம் அறுத்து, என்னை மருதாணியோடு வெளியே அழைத்து வந்தார்கள். இரண்டுக்கும் பாடியவள் முனீனா. அவள் பாடியதைக் கேட்டபோது, விட்டுப் போனவன்தான் நஷ்டப்பட்டவன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்தக் கடன் எனக்கு அவளிடம் உண்டு. அதனால்தான் இந்தக் கதையில் நானும் மூக்கை நுழைக்கிறேன்.

ஷெய்பானி கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. அப்பா பூத்திலிமித் ஊரில் வெள்ளி வேலை செய்தவர். மகனுக்கு வெள்ளியில் ஆசை இல்லை, ரேடியோவில் ஆசை. எல்லைக்கு அந்தப் பக்கம் டக்காரில் இருந்த மாமாவின் ரேடியோ கடைக்கு ஓடிப்போனார். எண்பத்தொன்பதில் இரண்டு நாட்டுக்கும் நடுவே மூண்ட கலவரத்தில், அங்கிருந்த எங்கள் ஆட்கள் எல்லோரையும்போல அவரையும் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். இடுப்பில் சொருகியிருந்த சால்டரிங் கோலைத் தவிர வேறெதுவும் அவரிடம் இல்லை. இப்போது அலமாரி அகலத்தில் ஒரு கடை, வீட்டில் மனைவி, நான்கு பெண்கள். வீட்டில் பேசுவதற்கு அவருக்கு முறையே வருவதில்லை. அந்தப் பழக்கத்தில் கடையிலும் பேசமாட்டார்.

கிதார் வந்தால் முதலில் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பிறகு பனியனோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, கம்பிகளுக்கு அடியில் இருந்து சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பின் இரண்டு ஒயரையும் முள் வைத்த பழைய மீட்டரில் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பைத் தொட்டு எடுப்பார். முள் ஒரு பக்கம் துள்ளும். இன்னொரு பிக்கப்பையும் அப்படியே பார்ப்பார். இரண்டுக்கும் முள் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒன்றுக்கு வலப்பக்கமும் மற்றதற்கு இடப்பக்கமும் துள்ளினால் ஒயரை மாற்றிக் கொடுப்பார்.

"துள்ளினா துள்ளிட்டுப் போகட்டுமே, என்னவாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணா தள்ளணும் தூத்து. ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுத்தா கனமான சத்தமெல்லாம் ஒண்ணையொண்ணு தின்னுடும். மெலிஞ்சது மட்டும்தான் மிஞ்சும். மூக்கடைச்ச மாதிரி."

"என் ரெண்டாவது கல்யாணம் மாதிரின்னு சொல்லு."

அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். அவ்வளவுதான் அவர்.

முனீனாவின் புருஷன் ஹம்மாதி. அவனுக்கு நான் மரியாதை போட்டுப் பேசமாட்டேன், அவன் மூக்கொழுக நின்ற காலத்திலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் கிதாரைத் தொட்டால் அவன் வேறு ஆள். பாடகர் குலம், தாத்தா காலத்திலிருந்து கம்பியோடு பிறந்தவர்கள். முனீனா பாட, அவன் வாசிக்க, இருபத்தைந்து வருஷமாக அந்த ஜோடி இல்லாமல் பெரிய வீட்டுக் கல்யாணம் நடந்ததில்லை.

போன வருஷம் முனீனாவுக்குக் கழுத்தில் கட்டி. அறுவை சிகிச்சையில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. குரல்தான் போனது. முழுசாகப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மேலே ஏறுகிற பாதி போய், கீழே இருக்கிற பாதி மட்டும் சொரசொரப்பாக மிஞ்சியது. அதைக்கொண்டு அவள் பாடினால் ஹம்மாதியின் கிதார் அவள் குரலை அப்படியே மூடிவிடும். இரண்டும் ஒரே உயரத்தில் வந்து மோதும். அவன் சத்தத்தைக் குறைத்து வாசித்துப் பார்த்தான். குறைத்தால் பாட்டு செத்துப்போகிறது. ஒரு கல்யாணத்தில் பாடினாள், யாருக்கும் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்கு வலித்தது.

அந்தச் சமயத்தில் ஹம்மாதியின் கிதாரில் ஒரு பிக்கப் கெட்டுப்போனது. ஷெய்பானி வேறொரு உடைந்த கிதாரிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்தினார். அன்று பார்த்து அவர் மீட்டரை ஒரு டாக்சிக்காரன் பேட்டரி சோதிக்க வாங்கிப் போயிருந்தான். ஹம்மாதியோ உடனே வேண்டும் என்று தலையில் ஏறி நின்றான். ஷெய்பானி ஒயரின் நிறத்தை நம்பி ஈயம் வைத்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாளில் ஹம்மாதி கத்திக்கொண்டு வந்தான்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே என் கிதார? வயிறே இல்ல. காய்ச்சல்ல கிடக்குறவன் மாதிரி முனகுது!"

ஷெய்பானி திரும்பி வந்திருந்த மீட்டரில் முள்ளைப் பார்த்தார். ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். தலையில் அடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, ஒயரை மாற்றிக் கொடுத்தார். கிதாருக்கு வயிறு திரும்ப வந்தது. ஹம்மாதி போய்விட்டான்.

மறுநாள் காலை முனீனா வந்தாள். என் கடையில் துணி பார்ப்பதுபோல நின்றாள். நின்று நின்று, கடைசியில் எதிரே போனாள்.

"அண்ணே, அந்தக் காய்ச்சல் சத்தம் திரும்ப வேணும்."

ஷெய்பானி அவளைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு நாளும் வீட்ல அவர் திட்டிக்கிட்டே வாசிச்சார். நான் சமையல் பண்ணிக்கிட்டே சும்மா கூடப் பாடினேன். ஆப்ரேஷனுக்கு அப்புறம் மொத தடவையா என் குரல் எனக்குக் கேட்டுச்சுண்ணே. அந்தச் சத்தம் எனக்கு இடம் விட்டுச்சு."

அவள் அழவில்லை. முனீனா என்றால் கூடாரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் கிழவனையும் எழுந்து நிற்க வைத்தவள். அவள் இடம் கேட்டு நிற்கிறாள்.

ஷெய்பானி வேலையில் இறங்கினார். கிதாரின் உடம்பில் ஒரு சுவிட்ச் வைக்கலாம். தூக்கினால் முழுச் சத்தம், இறக்கினால் மெலிந்த சத்தம். ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரும் அந்தச் சுவிட்சுக்குள் போய் இடம் மாறி வெளியே வரும். சொல்ல எளிது. பழைய பிக்கப்பின் தகர மூடி ஒரு ஒயரோடு ஒட்டியிருந்தது. சுவிட்சை இறக்கியதும் மூடியில் கை பட்டாலே ஸ்பீக்கர் தேனீக்கூடு மாதிரி இரைந்தது. மூடியைத் தனியாகப் பிரித்து, அதற்குத் தனி ஒயர் போட்டு அடக்கினார். ஹம்மாதியிடம், "ரெண்டும் இருக்கு, உனக்குப் பிடிச்சத வச்சுக்க" என்று மட்டும் சொன்னார். தான் பாடும்போது சுவிட்சை இறக்கி வைக்க வேண்டும் என்று முனீனா கேட்டதை அவனிடம் நான்தான் எடுத்துச் சொன்னேன். ஹம்மாதி முணுமுணுத்தான், ஆனால் மறுக்கவில்லை. பொண்டாட்டி மேல் அவனுக்கு உயிர். அதை வெளியே காட்டினால் மானம் போய்விடும் என்று நினைக்கிற ஜாதி.

அராஃபாத் பகுதியில் ஒரு கல்யாணம். சுவிட்ச் இறங்கியிருக்கிறது, முனீனா பாடுகிறாள். சின்னக் குரல்தான், ஆனால் கேட்கிறது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹம்மாதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. உற்சாகம் வந்தால் அவன் கையை வீசி வாசிப்பான். அவன் போட்டிருந்தது எல்லோரும் போடுகிற அங்கிதான். அதன் கை கூடாரத் துணி அகலம் இருக்கும். வீசிய வீச்சில் அங்கிக் கை சுவிட்சில் மாட்டித் தூக்கிவிட்டது.

கிதார் முழுக் கனத்தோடு அவள் மேல் விழுந்தது. ஹம்மாதிக்குப் புரியவே நேரமாயிற்று. அதற்குள் முனீனா பாட்டை நிறுத்திவிட்டாள். எங்கள் பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு; ஒன்றைத் தொடங்கினால் அடுத்தது, அதற்கடுத்தது என்று முடிவு வரை போயாக வேண்டும். நடுவில் நிறுத்துவது பாடகர் குலத்தில் கேள்விப்படாத விஷயம். அவள் எழுந்து, மெல்ஃபாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, கூடாரத்தை விட்டு வெளியே போனாள்.

நான் மறுநாள் ஷெய்பானியைக் கிழித்துவிட்டேன். "அங்கிக் கை படும்னு தெரியாதா உனக்கு? நீயும் இந்த ஊர்க்காரன்தானே? ரெண்டு பிக்கப்பையும் மாத்துறதுக்கு கிதாரோடயே வந்த பழைய சுவிட்ச்ச அவன் பசை போட்டு ஒட்டி வச்சிருக்கானே, எதுக்காம்? இதே அங்கிக்குத்தான்!"

அவர் ஆணியில் தொங்கிய தன் அங்கியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் ஒருநாளும் அதைப் போட்டுக்கொண்டு கிதாரைத் தொட்டதில்லை. பாவம், அன்று முழுக்க அவர் டீ குடிக்கவில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. முனீனாவின் மகள் தெஸ்லெம் தலாக் ஆகித் தாய்வீட்டில் இருந்தாள். தலாக் ஆனவள் வீட்டுக்குள்ளேயே காத்திருக்கும் காலம் முடிய இன்னும் ஒரு வாரம்தான். முடிந்ததும் அவளை வெளியே அழைத்து வர வேண்டும். விட்டுப் போன புருஷன் சிமெண்ட் வியாபாரி. அவன் ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள், இவள் எப்படி வெளியே வருகிறாள் என்று. பாடகியின் மகள் வேறு. நான் துணி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது தாயும் மகளும் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"வேற பாடகிய கூப்பிடுறேன்னு அம்மா சொல்றாங்க தூத்து சித்தி" என்றாள் தெஸ்லெம். "வேற யாரு பாடினாலும் நான் இந்த ரூம விட்டு வரமாட்டேன். உங்களுக்கெல்லாம் அம்மா பாடினாங்க. எனக்கு மட்டும் வேற ஆளா?"

"திரும்பவும் நடுவுல நின்னா?" என்றாள் முனீனா. "என் பொண்ணோட நாள்ல நான் ஊமையா உக்காரணுமா? இந்த ஒண்ணுல முடியலேன்னா அதோட சரி தூத்து. இனி எந்தக் கூடாரத்துலயும் கால் வைக்கமாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள்.

நான் நேராக ஷெய்பானியிடம் போய்ச் சொன்னேன். அவர் சால்டரிங் கோலைக் கீழே வைத்தார். பிறகு, "ஹம்மாதி கை பட்டாத்தானே மாறுது. அவன் கை எட்டாத இடத்துல வச்சா?" என்றார்.

"கிதார்ல அவன் கை எட்டாத இடம் எது?"

"கிதார்ல இல்ல."

அன்று சாயங்காலம் மைக்குக்குப் போடும் ஒயரில் இரண்டு வாங்கி ஒன்றாக முறுக்கினார். வலை சுற்றிய ஒயர்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு நீளத்துக்கு இரைச்சல் வரும் என்றார். தைல டப்பா ஒன்றைக் கழுவி, மூடியில் துளை போட்டு, சுவிட்சை அதற்குள் உட்கார வைத்தார். முனீனாவை வரச்சொல்லி, பாயில் எவ்வளவு தள்ளி உட்காருவாள் என்று கேட்டார். அவள் காட்டிய தூரத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். முன்பெல்லாம் புருஷனை ஒட்டித்தான் உட்காருவாள்.

"எனக்கு மூச்சு முட்டுறப்ப அவர் திரும்பிப் பார்ப்பார்" என்றாள். "அந்தப் பார்வைய என்னால தாங்க முடியல. அதான் தள்ளி உக்கார்றேன்."

ஷெய்பானி அந்த நீளத்துக்கு ஒயரை வெட்டினார்.

ஹம்மாதி வந்து பார்த்தான். கிதாரின் வயிற்றிலிருந்து கயிறு மாதிரி ஒரு ஒயர், அதன் முனையில் தைல டப்பா.

"இது என்ன?"

"சுவிட்ச். முனீனா கையில இருக்கும்."

"என் கிதாரோட கடிவாளம் பொண்டாட்டி கையிலயா? என் அப்பன், பாட்டன் யாராவது இப்படி உக்காந்து வாசிச்சிருக்கானா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"இப்ப மட்டும் என்னவாம் சொல்றாங்க?" என்று நான் என் கடையிலிருந்தே கத்தினேன். "அங்கிக் கையால பொண்டாட்டி வாய மூடினவன்னு சொல்றாங்க! போ, அதையே வச்சுக்க!"

"நீ சும்மா இரு தூத்து. உன்கிட்ட கேக்கல."

"கேக்காமத்தான் சொல்றேன். ரெண்டு பேரோட குடும்பம் நடத்தினவ நான், எனக்குத் தெரியாதா ஆம்பள வீறாப்பு?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. ஹம்மாதி கிதாரை அங்கேயே போட்டுவிட்டுப் போகத் திரும்பினான். அப்போதுதான் ஷெய்பானி பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"ஹம்மாதி, அவ மூச்சு எங்க முடியும்னு இத்தன வருஷமா உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அத வச்சுத்தான் நீ வாசிச்சே. இப்ப அந்த மூச்சு மாறிப்போச்சு. அது எங்க முடியும்னு உனக்குத் தெரியல, எனக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதான் அவ கையில கொடுத்தேன். உன்ன கேவலப்படுத்த இல்ல."

ஹம்மாதி திரும்பி வந்தான். கிதாரை எடுத்துக்கொண்டு போனான். டப்பாவைத் தரையில் இழுபட விடாமல் கையில் சுருட்டிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

தெஸ்லெமின் நாள் வந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்து தெருவையே அடைத்துக் கூடாரம். பெண்கள் முரசு அடித்தார்கள். சிமெண்ட் வியாபாரியின் ஆட்கள் இரண்டு பேர் கார் ஓரமாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஷெய்பானி கூடாரத்துக்குள் வரவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, எங்கே இரைச்சல் வந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முனீனா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தைல டப்பா அவள் மடியில், மெல்ஃபாவுக்கு அடியில். ஹம்மாதி அவளைப் பார்க்காமல் தொடங்கினான். டக் என்று சின்னச் சத்தம், கிதார் மெலிந்தது. முனீனா பாடினாள்.

பழைய குரல் இல்லை. இல்லவே இல்லை. சொரசொரவென்று, பக்கத்தில் வந்து காதில் பேசுகிற மாதிரி ஒரு குரல். கூடாரத்தில் முரசு அடித்தவள் தானாகக் கையைத் தளர்த்தினாள். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். பாட்டு ஒழுங்காக ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனது. ஆனால் அடுத்து எது வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் குரல் ஒரே மூச்சில் மேலே ஏறியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. என் இரண்டு விருந்திலும் அவள் அந்த இடத்தில்தான் என்னை அழவைத்தாள். இன்று அவளிடம் அந்த உயரம் இல்லை. நான் மெல்ஃபா முனையைக் கடித்துக்கொண்டேன்.

அந்த இடம் வந்தது. முனீனா வாயை மூடினாள். டக்.

கிதார் முழுச் சத்தத்தோடு எழுந்தது. ஹம்மாதி திடுக்கிட்டான், அவனிடம் அவள் சொல்லவில்லை. ஆனால் கை வேலையை மறக்கவில்லை. அவள் ஏற வேண்டிய அந்தப் படியெல்லாம் அவன் ஏறினான், அவள் ஏறுகிற மாதிரியே ஏறினான், அவள் நிற்கிற இடத்தில் நின்றான். டக். மறுபடி மெலிந்தது, அவள் கீழே இருந்து சொல்லை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவன் தன் விரலைப் பார்க்கவே இல்லை. அவள் மடியையே பார்த்துக்கொண்டு வாசித்தான். அவள் கொடுத்தால் எழுந்தான், எடுத்தால் அடங்கினான்.

தெஸ்லெம் வெளியே வந்தாள். மருதாணிக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து வந்தாள். நாங்கள் போட்ட குலவையில் அந்தக் கார்காரர்கள் சிகரெட்டைக் கீழே போட்டார்கள். பாட்டு வரிசையின் கடைசி வரை போய் முடிந்தது. நடுவில் நிற்கவில்லை.

ஷெய்பானி ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து எழுந்து என்னிடம் வந்தார். "இரைச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். அந்த மனுஷனை என்ன சொல்வது! "வரலய்யா, வரல" என்று சொல்லி அவர் தலையில் ஒரு தட்டு தட்டினேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே ஹம்மாதி கிதாரோடு வந்து நின்றான். முகத்தை உம்மென்று வைத்திருந்தான். ஷெய்பானிக்கு முகம் வெளுத்துவிட்டது. கழற்றச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நானும் நினைத்து, திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"இந்த ஒயர் ரொம்ப நீளம்" என்றான் ஹம்மாதி. "குறைச்சுடு."

"எவ்வளவு குறைக்கணும்?" என்றார் ஷெய்பானி.

ஹம்மாதி என்னை ஒருமுறை பார்த்தான். நான் துணி மடிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"அவ தோள் என் தோள்ல இடிக்கணும்" என்றான். "அந்த அளவுக்கு."

ஷெய்பானி அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கத்தரியைத் தேட ஆரம்பித்தார்.